கிடாவுக்கு ஏது தாய்மாமன்?

சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு, குட்டிகளுக்குப் பூச்சி மருந்து, எல்லாம் உண்டு. கூடவே விலை எழுதாத சரக்கு ஒன்றும் உண்டு. கேள்விக்குப் பதில். ஆடு மாடு வைத்திருக்கிறவர்களுக்குச் சந்தேகம் எப்போது வரும் என்றால், தராசில் மூட்டை ஏறுகிற நேரத்தில்தான் வரும். என் வீட்டுக்காரர் எடை பார்ப்பார். நான் வாய் பார்ப்பேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. மீதியைச் சொந்தமாக ஆடு வளர்த்துக் கற்றது கொஞ்சம், செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றது கொஞ்சம். தன் வீட்டுப் பசுவுக்குத் தவிடு வாங்க வருகிற கால்நடை டாக்டரைக் காசு வாங்கிக்கொண்டு சும்மா அனுப்பாமல் நாலு கேள்வி கேட்டுக் கற்றதுதான் அதிகம். அவர் இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தும்போதே, "இன்னைக்கு என்னம்மா கேள்வி?" என்றுதான் இறங்குகிறார்.

திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் கேட்டார். "ஆம்பள மயிலு அழுகுமாம், அந்தக் கண்ணீரைக் குடிச்சுத்தான் பொட்டை முட்டை வைக்குமாம். நெசமா?" உங்கள் தோட்டத்தில்தான் மயில் கூட்டம் கூட்டமாக மேய்கிறதே, விடியற்காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். கொஞ்ச நாள் கழித்து வந்து சொன்னார்: "அழுகையும் இல்ல, கண்ணீரும் இல்ல. நம்ம வீட்டுச் சேவலு மாதிரிதான். ஆட்டம் மட்டும் பெருசு. சோலி முடிஞ்சதும் என் திராட்சையைத் திங்க வந்துருச்சு. அழுகுறது நான்தான்."

வாழைத்தார் வெட்டுகிற ஊர் இது. ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பழத்தைப் புதுப்பெண்கள் தொடமாட்டார்கள், இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று. எங்கள் வீட்டில் வருகிற ரெட்டைப் பழம் அத்தனையையும் தின்றது நான்தான். மகனும் மகளும் நாலு வருஷ இடைவெளியில் தனித்தனியாகத்தான் வந்து சேர்ந்தார்கள்.

கிடா ஏன் தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொள்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். பருவ காலத்தில் அதுதான் அதற்குச் சென்ட்டு, அந்த வாடைக்குத்தான் பெட்டையாடுகள் தேடி வரும் என்றேன். "எங்க வீட்டுக்காரரு பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அதைவிட மோசமான சென்ட்டுத்தான் போட்டு வந்தாக. நானும் சரின்னுதான சொன்னேன்" என்றாள். இன்னொரு பெரியவர், ஆடு மாட்டுக்கெல்லாம் பருவம் குறித்துக் கொடுத்த சாமி மனுசனுக்கு மட்டும் காலண்டர் கொடுக்க மறந்துவிட்டார் என்றார். இப்படி ஒரு சொல் விழுந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

இதில் ஒரு சங்கதி உண்டு. தங்களுக்கு வந்த சந்தேகத்தை நேரே கேட்க வெட்கப்பட்டு ஆட்டின் தலையில் வைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. குரல் இறங்கும், கண் தராசு முள்ளைப் பார்க்கும். அந்த வேளையில் நானும் ஆட்டுக்குச் சொல்கிற மாதிரியே பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். எது ஆட்டுக் கேள்வி, எது ஆள் கேள்வி என்று எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று ஒரு கர்வம் இருந்தது. போன வருஷம் ஐப்பசி மாதம் வரை இருந்தது.

எங்கள் கடைக்கு வாராவாரம் வருகிற ஆட்டுக்காரர் ஒருவர். வயது முப்பத்து நாலு. அறுபது வெள்ளாடு, சொந்தக் கொட்டில், குடிப்பழக்கம் கிடையாது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று தெரு தள்ளி அவருடைய அக்கா இருக்கிறாள். அக்காவின் வீட்டுக்காரருக்கு மேலே மலையில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை; மாதம் ஒரு தடவை இறங்குவார். அவர்களுக்கு ஒரே மகள், இருபத்து மூன்று வயது, தேனியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

அன்றைக்கு ஆட்டுக்காரர் முகம் வாடி வந்தார்.

"அக்கா, இந்த ஈத்துல குட்டியெல்லாம் பூனைக்குட்டி கணக்கா விழுகுதுக்கா. ரெண்டு எந்திரிச்சு நிக்கவே மாட்டேங்குது. தாது உப்பை மாத்தணுமா?"

"உப்பை விடு. பொலிகிடா எது?"

"நம்ம குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாதான்."

"அது போன போன வருசமே வெட்டியிருக்கணுமேப்பா?"

"பங்காளிக ஒன்னு கூடணும்லக்கா! யாருக்கு மொத மரியாதைன்னு சண்டை. மூணு வருசமா சாமி கும்பிடு தள்ளிக்கிட்டே போகுது. நேர்ந்த கிடாவை விக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது. அதுபாட்டுக்குக் கொட்டில்ல கெடக்கு."

"சும்மாவா கெடக்கு? மொத வருசக் குட்டி அதோட மக. அது வளந்து போட்ட குட்டி அதுக்கு மகளும் பேத்தியும். இப்ப உன் கொட்டில்ல அதுக்கு முறையில்லாம ஒரு ஆடு இருக்கா? நீயே விரல் விட்டுச் சொல்லு."

அவர் விரலை மடக்கினார், நீட்டினார், கடைசியில் அந்தக் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். பங்காளிச் சண்டையில் கிடாவுக்குக் கிடைத்த ஆயுசு குட்டிகளுக்கு வினையாகி நின்றது.

"தனிக் கொட்டில் போடு. சாமிக்குன்னு நேர்ந்ததை மரியாதையா வச்சுக்க, மாப்பிள்ளையா வச்சுக்காத. போடிப் பக்கம் கேட்டு வேற கிடா கொண்டா" என்றேன். கொண்டுவந்தும் விட்டார். அந்தக் காரியம் அதோடு முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். "ரெண்டு கிலோ தவிடு குடுங்கக்கா" என்றார். அறுபது ஆட்டுக்கு இரண்டு கிலோ தவிடா என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர் குரலும் இறங்கியிருந்தது, கண்ணும் தராசு முள்ளில்தான் இருந்தது.

"அக்கா, அப்பன் மக ஆகாதுன்னுட்டீக. சரி. இப்ப இந்த மாமன், அக்கா மக... அப்படி விழுந்தா?"

கிடாவை மாற்றச் சொன்ன என் யோசனை பலித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நான் இருந்தேன். பேச்சு பெருகிக்கொண்டு வந்தது. படியை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினேன்.

"அக்காளும் தம்பியும் ஒரே ரெண்டு மூட்டையில அள்ளின தவிடு. அக்கா மகளுக்குப் பாதிதான் அக்கா பக்கம், பாதி வேற எடம். அப்ப மாமனுக்கும் அவளுக்கும் நாலு படிக்கு ஒரு படி ஒன்னா இருக்கும். மூட்டையில எங்கயாச்சும் ஒரு சொத்தைக்கொட்டை ஒளிஞ்சு கெடந்துச்சுன்னா, ரெண்டு பக்கமும் சேந்து குட்டிக்கு வந்துரும். எல்லாம் சவலையா விழுகும்னு சொல்லல. முக்காவாசிக்கு மேல நல்லாத்தான் விழுகும். ஆனா பயம் கூட. நானா இருந்தா சேக்கமாட்டேன்."

"நீங்களா இருந்தா சேக்க மாட்டீக."

"மாட்டேன்."

"இதை அப்படியே சொல்லலாமா?"

"யாருக்கு வேணாலும் சொல்லு."

தவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு துள்ளாத குறையாகப் போனார். மூட்டை வாயைத் தைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, கிடாவுக்கு ஏது தாய்மாமன்?"

"என்ன?"

"எந்தக் கொட்டில்ல இது மாமன், இது அக்கா மகளுன்னு பேரெழுதி வச்சிருக்கான்? வார வெள்ளிக்கிழமை அவனுக்கும் அவன் அக்கா மகளுக்கும் பூ வைக்கப் போறாக. பத்து நாளா ரோடே பேசுது. உனக்கு மட்டும் தெரியாதா?"

தெரியும். நல்லாவே தெரியும். பூ வைத்து உறுதி செய்கிற அன்றைக்கு வரச்சொல்லி எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். கையில் படியும் வாயில் பேச்சும் இருந்தால் எனக்கு வேறெதுவும் நினைவிருக்காது. சாலையில் எட்டிப் பார்த்தேன். ஆட்டுக்காரரின் வண்டி போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை கடை திறந்து தண்ணீர் தெளிப்பதற்குள் ஆட்டுக்காரரின் அக்கா வந்து நின்றாள். கடையில் அப்போதே நாலைந்து பேர்.

"ஏத்தா, வெளிய வா. என் தம்பியைக் கிடாங்கிறியாமே?"

"நான் கிடாவைத்தான் ஆத்தா கிடான்னு சொன்னேன்."

"மாமனைக் கட்டினா புள்ள சவலையாப் பொறக்கும்னு சொன்னியா, இல்லையா? 'தீவனக்கடை அக்கா சொன்னாக, அதனால எனக்கு வேணாம்'னு ஒக்காந்துக்கிட்டான். வெள்ளிக்கிழமைக்கு நாப்பது பேரைக் கூப்பிட்டு வச்சிருக்கேன்."

"அவரு ஆட்டுக்குக் கேக்குறாருன்னுல்ல நெனச்சேன்."

"ஆட்டுக்கு எவனாச்சும் மாமன் கேப்பானா? ஊருக்கே புத்தி சொல்றவளுக்கு இது தெரியாதா?" தவிடு வாங்க வந்தவர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அவள் விடவில்லை. "சரி, நீ யாரைக் கட்டியிருக்க? அந்தா தராசுகிட்ட நிக்கிறாரே, அவரு யாரு? வழிப்போக்கரா? ஒன் ஆத்தாகூடப் பொறந்த கடைசித் தம்பிதான? ரெண்டு பெத்து ரெண்டும் வேலைக்குப் போகுதுல்ல? ஒனக்கு ஒரு ஞாயம், என் மகளுக்கு ஒரு ஞாயமா?"

என் வீட்டுக்காரர் ஏற்கனவே அடுக்கிய மூட்டைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "ஆடு வச்சிருக்கவனுக்கு இந்தக் காலத்துல எவன் பொண்ணு குடுக்கான்? ஏழு எடம் பாத்தாச்சு. மாப்பிள்ளை என்ன கம்பெனின்னு கேக்குறாக. நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வா. சொன்னது தப்புன்னு அவன் முன்னால சொல்லிட்டுப் போ. நீ சொல்லித்தான் மாட்டேங்கிறான். நீ சொன்னாத்தான் மாறுவான்."

போய்விட்டாள். ஒரு பெண்ணின் கல்யாணம் என் நாக்கில் வந்து தொங்கியது. தப்பு என்று சொன்னால் வெள்ளிக்கிழமை பூ வைப்பார்கள். சொல்லாவிட்டால் அந்த அக்கா நாற்பது பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பாள்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் தடவை சோறு வைக்கப்போனேன்.

"வேணாம். கிடாவுக்கு எதுக்கு ரெண்டாஞ்சோறு?"

"மாமா!"

"நீயா இருந்தா சேக்கமாட்டேன்னு சொன்னேல்ல? இதை முப்பத்தோரு வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நானாச்சும் தப்பிச்சிருப்பேன்ல?"

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. யாரு என்னையக் கேட்டா?"

"என்னையவும் யாரும் கேக்கல" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தட்டை நீட்டினார். சோறு விழுந்ததும் சிரிப்பு நின்று, மெதுவாகக் கேட்டார்: "மூத்தவனை நெனச்சுத்தான் அப்படிச் சொன்னியா?"

எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். ஏன் போனான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் சீட்டில் என்னமோ எழுதினார். அந்த எழுத்து என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் போனானா, வேறெதனாலா, அதுவும் தெரியாது. ஊர் மயிலுக்கெல்லாம் பதில் தேடுகிறவள் இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

"நெனச்சுச் சொல்லல மாமா. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு" என்றேன். அவர் தலையாட்டினார். "நாளைக்கு நானும் வாரேன்" என்றார்.

வியாழக்கிழமை வெயில் தாழ நாங்கள் போனபோது ஆட்டுக்காரர் சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பெண், தோள்பையைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். அக்கா எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சொல்லுத்தா. தப்புன்னு சொல்லு."

"ஆட்டைப் பத்தி நான் சொன்னது தப்பில்ல ஆத்தா. மனுசரைப் பத்தியும் பொய்யில்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். எனக்கு ரெண்டு புள்ள நல்லா இருக்கு. ஒன்னு தங்கல. எதனாலன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லி ஒரு கல்யாணத்தைக் கெடுக்கவும் மாட்டேன், நடத்தவும் மாட்டேன்."

அக்காவுக்கு என் மூத்த பையன் கதை தெரியாது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அப்புறம் நான் ஆட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "தம்பி, நீ என்கிட்ட வந்தது ஆட்டுக்காகவும் இல்ல, சவலைப் புள்ளைக்குப் பயந்தும் இல்ல. ரெண்டு கிலோ தவிடு வாங்குறப்பவே நான் புரிஞ்சிருக்கணும். கிடா, படி, மூட்டை எதையும் இழுக்காம சொல்லு. உனக்கு வேணுமா, வேணாமா?"

அவர் நாற்காலி நுனியிலேயே நெளிந்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா மகளைப் பார்த்தார். காது சிவந்தது.

"எப்படிக்கா... இவளுக்குக் காது குத்துறப்ப என் மடியிலதான ஒக்கார வச்சாக. ஊசியைக் கண்டதும் என் வேட்டியெல்லாம் நனைச்சுவிட்டா. இவளைச் சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கூடம் விட்டது நானு. மூக்குச் சிந்தி விட்டது நானு. கண்ணை மூடினா எனக்கு அந்த மூக்குத்தான் தெரியுது. நான் எப்படி..."

கதவோரம் ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினோம். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் கண்ணீரும் வந்தது.

"மாமா, இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஏழு எடத்துல உங்களை வேணாம்னுட்டாக, நானும் வேணாம்னா மனசொடிஞ்சு போகுமேன்னு வாயை மூடிக்கிட்டுப் பத்து நாளா செத்துக்கிட்டிருக்கேன். தெனம் பஸ்ஸுல அழுதுகிட்டே போறேன்."

"நீ வேணாங்கிறியா?" என்று ஆட்டுக்காரர் கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"மாமனா வேணும். மாப்பிள்ளையா வேணாம்."

"ஏலே, அப்ப எதுக்குச் சரின்னு தலையாட்டுன?" என்று அக்கா தம்பியை அதட்டினாள்.

"நீ ஏங்கிட்ட கேட்டியா? தேதியைத்தான கேட்ட?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பாட்டம் அழுதாள். தம்பியைத் திட்டினாள், மகளைத் திட்டினாள், மேலே எஸ்டேட்டில் ஒன்றும் தெரியாமல் இருந்த வீட்டுக்காரரையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு நாப்பது பேரு வாராக. அவுகளுக்கு என்ன சொல்ல?"

"சோத்தைப் போட்டுட்டு உண்மையைச் சொல்லுங்க" என்றார் என் வீட்டுக்காரர். அன்று அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

சொன்னார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு பெரியவர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். சாம்பார் வாசனை வந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெண்தான் பந்தி பரிமாறினாள். இலைக்கு இலை, "மாமனுக்கு ஒரு பொண்ணு பாத்துக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அக்கா என்னை விடவில்லை. "வாயைக் குடுத்தது நீ. பொண்ணையும் நீயே தேடு" என்றாள். தேடினேன். கடைக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டேன். தையில் ஓர் இடம் அமைந்தது. வடுகபட்டியில் பூண்டு மண்டியில் தரம் பிரிக்கிற பெண். வயது முப்பது. அவளே எங்கள் முன்னால் வந்து, "ஆடு வளக்குறது எனக்குப் புடிக்கும். ஆனா கொட்டிலைக் கழுவுறதுல பாதி அவுகளுக்கு" என்றாள். ஆட்டுக்காரர் அவசரமாகத் தலையாட்டியதில் கையிலிருந்த காப்பி கொட்டியது.

பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "தப்பா நெனக்காதீக. கூடப் பொறந்தவுகளுக்கு ஒரு மக இருக்காமே. உரிமைப் பொண்ணை விட்டுட்டு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?"

எனக்கு நாக்கு துருதுருவென்றது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். பேசியது அந்த அக்காதான்.

"உரிமை இருந்துச்சுங்க. நான்தான் புடிச்சு இழுத்தேன். புள்ளைக ரெண்டும் வேணாம்னுட்டாக. அவனுக்கு அவ மக மாதிரி." ஒரு மூச்சு விட்டாள். பக்கத்தில் நின்ற மகளைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவதான். இவளுக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். சொந்தம்னு ஒன்னும் வேண்டியதில்ல. ஒங்க பக்கம் நல்ல பையன் இருந்தாச் சொல்லுங்க."

"அம்மா!" என்று அந்தப் பெண் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"கிள்ளாதடி, கேட்டு வைப்போம்" என்றாள் அக்கா. அந்த அப்பா உள்பக்கம் திரும்பித் தன் வீட்டம்மாவைக் கூப்பிட்டார்: "ஏத்தா, ஒன் அண்ணன் மகனுக்கு இன்னும் பொண்ணு அமையலைல்ல?"